ஏந்தும் கையிலும் அய்யா உண்டு

அய்யா துணை



தர்மம் செய்ய வேண்டும் என்று நம் பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் சொல்லாத நாள் இல்லை. திருஏடு வாசிப்பு நடக்கும் பதினேழு நாட்களும் அதைத்தான் கேட்கிறோம். தாழ்ந்து கிடப்பவரைத் தூக்கி நிறுத்துவதே தர்மம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். அது சரி. ஆனால் தர்மத்துக்குக் கை இரண்டு உண்டு. கொடுக்கிற கை ஒன்று, வாங்குகிற கை ஒன்று. வாங்க ஒரு கை இல்லாவிட்டால் கொடுக்கிற கை என்ன செய்யும்? காற்றிலா கொட்டும்? அந்த இரண்டாவது கையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இன்று அதைப் பேசுவோம்.

கொடுப்பது கடினம், வாங்குவது எளிது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை அப்படி இல்லை. கொடுக்கும்போது நாம் மேலே நிற்கிறோம். நாலு பேர் பார்க்கிறார்கள், மனசு குளிர்கிறது. வாங்கும்போது ‘நான்’ என்ற ஒன்று உள்ளே கிடந்து புரள்கிறது. ‘நான் போய் இவனிடம் வாங்குவதா’ என்கிறது. அந்த ‘நான்’ யார்? அதுதான் கலி. கொடுக்கும்போது ஒளிந்திருக்கும் கலி, வாங்கும்போது வெளியே வந்து நிற்கும். ஆகவே தன் மனதில் கலி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அறிய விரும்புகிறவர், தான் கொடுத்ததை எண்ணிப் பார்க்க வேண்டாம். யாரிடமெல்லாம் வாங்க மறுத்தோம் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

நம் பதியில் நடப்பதையே பாருங்கள். வெற்றிலை, பாக்கு, பூ, பழம், தேங்காய் என்று சுருள் கொண்டு போகிறோம். அது நாம் கொடுப்பது. பணிவிடை முடிந்ததும் இனிமம் வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். அது நாம் பெறுவது. நெற்றியைக் குனிந்து கொடுத்துத் திருநாமம் பெறுகிறோம். வெறுங்கையோடு வந்தவருக்கும் இனிமம் உண்டு, திருநாமம் உண்டு. என்ன கொண்டு வந்தாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆண்கள் தலைப்பாகை கட்டியே வழிபடுகிறோம். தலையில் துணி கட்ட உரிமை இல்லாதிருந்த மக்களை நிமிரச் செய்து, ஒவ்வொருவனும் அரசன், அந்தத் தலைப்பாகையே உன் கிரீடம் என்று அய்யா கட்டச் சொன்னார். அந்தக் கிரீடத்தோடேதான் இரண்டு கையையும் நீட்டி இனிமம் வாங்குகிறோம். வாங்குவதற்காகத் தலைப்பாகையைக் கழற்றச் சொல்வதில்லை. இதற்குள் எவ்வளவு பெரிய பாடம் இருக்கிறது! வாங்குகிறவனின் கிரீடம் இறங்காமல் கொடுக்க வேண்டும். தன் கிரீடம் இறங்கிவிட்டது என்று எண்ணாமல் வாங்க வேண்டும்.

இந்தப் பாடத்தைக் கடலூர் மாவட்டத்துக் கடற்கரை ஒருநாள் உலகத்துக்கே எடுத்துக் காட்டியது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மார்கழிப் பவுர்ணமி. தில்லையில் திருவாதிரைத் திருவிழாக் காலம். காலையில் கடல் எழுந்து ஊருக்குள் வந்தது. நம் தெற்கே குளச்சலையும் மணக்குடியையும் வாரிய அதே அலைதான், கடலூரில் தேவனாம்பட்டினத்தையும், சிதம்பரம் பக்கத்தில் புதுப்பேட்டை, சாமியார்பேட்டை, பிச்சாவரத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு ஆகிய ஊர்களையும் அடித்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

கடல்புரத்து மக்களை அறிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். அவர்கள் கொடுத்துப் பழகியவர்கள். படகு கரை ஏறும்போது பக்கத்தில் நிற்கிறவனுக்கு, ‘குழம்புக்கு வைத்துக்கொள்’ என்று ஒரு கை மீன் அள்ளிப் போடுகிற மனசு அவர்களுடையது. கடலில் இருந்து அள்ளி வருகிறவனுக்கு ஊரிடம் கையேந்துகிற வழக்கம் கிடையாது. அப்படிப்பட்டவர்கள் ஒரே காலையில், உடுத்த துணியோடு, பிள்ளையைத் தேடிய கண்ணோடு, ஒரு பொட்டலம் சோற்றுக்கு வரிசையில் நின்றார்கள். படகு போயிற்று, வலை போயிற்று, வீடு போயிற்று. எல்லாவற்றையும் விட, கொடுக்கிறவன் என்ற பெயர் போயிற்றே என்பதுதான் பலருக்குத் தொண்டையில் சோறு இறங்காமல் செய்தது.

அப்போது இரண்டு வகையான கொடை அந்தக் கரைக்கு வந்தது.

ஒரு வகை, லாரி லாரியாக வந்த பழந்துணி. நல்ல மனதோடு அனுப்பியவர்கள் நிறைய பேர் உண்டு. ஆனால் வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கியதை மூட்டை கட்டி அனுப்பியவர்களும் உண்டு. கிழிந்ததும் சாயம் போனதும் கடற்கரைச் சாலைகளின் ஓரத்தில் குவியல் குவியலாகக் கிடந்தன. அந்த மக்கள் அவற்றைத் தொடவில்லை. ‘எல்லாம் போன பிறகும் இவர்களுக்கு என்ன திமிர்’ என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அது திமிர் இல்லை, மக்களே. தலையில் மிச்சம் இருந்த கிரீடம் அது. வண்டியில் இருந்து வீசுவதைப் பொறுக்கிக்கொள்ள அந்தக் கிரீடம் இடம் கொடுக்கவில்லை. வீசுவது தர்மம் ஆகாது. எனக்கு வேண்டாதது உனக்குப் போதும் என்று சொல்லிக் கொடுப்பது, கொடுத்த கையோடே எதிரில் இருப்பவன் தலையைத் தட்டுவது போல.

இன்னொரு வகை, பரங்கிப்பேட்டையில் நடந்தது. அங்குள்ள இஸ்லாமிய மக்கள், ஜமாஅத்தாக ஒன்றுகூடி, அலைக்குத் தப்பி ஓடி வந்த மீனவ மக்களை வரவேற்றார்கள். அரசாங்கம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அடுப்பு மூட்டினார்கள், சோறு வடித்தார்கள், தங்க இடம் கொடுத்தார்கள். தங்கள் வீட்டுக்கு வந்த உறவினருக்குச் செய்வது போல நாள் கணக்கில் செய்தார்கள். அந்தச் சோற்றை மீனவ மக்கள் உண்டார்கள். நீ என்ன மதம், நான் என்ன மதம் என்று இரு பக்கமும் கேட்கவில்லை. பழந்துணியைத் தொடாத அதே கை, இந்தச் சோற்றை வாங்கியது. ஏன்? ஒன்று மேலே இருந்து விழுந்தது. மற்றது எதிரே அமர்ந்து பரிமாறப்பட்டது.

இங்கே நாம் கொடுத்தவர்களை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போய்விடக் கூடாது. வாங்கியவர்களும் அன்று ஒரு தர்மம் செய்தார்கள். ‘உன் கையால் உண்பேன்’ என்று ஒருவன் சொல்லும்போது, கொடுக்கிறவனை உறவாக்கிக்கொள்கிறான். கொடுத்தவன் ஒரு சோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்தான். வாங்கியவன் ஓர் உறவைக் கொடுத்தான். எது பெரிது என்று அய்யாதான் சொல்ல வேண்டும்.

ஆனால் அதே நாட்களில் நெஞ்சை நோகச் செய்யும் செய்திகளும் வந்தன. எல்லாவற்றையும் இழந்து ஒரே முகாமில் ஒதுங்கியவர்களுக்கு நடுவிலும், சில இடங்களில் ‘இந்தச் சாதியோடு ஒரே பந்தியில் உட்கார மாட்டோம்’ என்ற பேச்சு எழுந்தது. ஒதுக்கப்பட்ட மக்கள் அங்கும் தனியே நின்றார்கள். கடல் வேறுபாடு பார்க்காமல் அடித்தது. மனிதன் அடிபட்ட பிறகும் வேறுபாடு பார்த்தான். கலியின் வேர் எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது பாருங்கள்.

சாதி எங்கே குடியிருக்கிறது என்று நன்றாக யோசியுங்கள். அது கொடுப்பதில் இல்லை. மேல் என்று தன்னை எண்ணுகிறவன், கீழ் என்று அவன் எண்ணுகிறவனுக்குத் தாராளமாகச் சோறு போடுவான், துணி கொடுப்பான், திருவிழாவுக்குக் காசும் கொடுப்பான். ஆனால் அவன் வீட்டுத் தண்ணீர் ஒரு குவளை குடிப்பானா? அவன் வீட்டு விசேஷத்தில் இலை போட்டு உண்பானா? அங்கேதான் கால் தயங்கும். ‘இப்போதுதான் சாப்பிட்டு வந்தேன்’ என்று வாய் பொய் சொல்லும். சாதி வாங்க மறுக்கிற கையில் இருக்கிறது. ஆகவே சாதியை ஒழிக்கிற கை எது? அன்போடு வாங்குகிற கை.

அய்யா இதை எவ்வளவு நுட்பமாக அறிந்திருக்கிறார்! மனிதன் மனிதனைத் தொட்டால் தீட்டு என்றிருந்த திருவிதாங்கூர் ராச்சியத்தில், முத்திரிக்கிணறு என்று ஒரே கிணற்றைக் காட்டி, பதினெட்டுச் சாதியும் அதில் குளிக்கவும் குடிக்கவும் வைத்தார். வாகைப்பதியில் துவையல் தவசு செய்தபோது, எழுநூறு குடும்பத்தாரை ஒன்றாக வாழ வைத்தார். ஒரே அன்னம், ஒரே பந்தி. அவரவர் உடுத்த துணியை அவரவர் கையால் நாள்தோறும் துவைத்து உடுத்தச் செய்தார். இல்லாதவர்களுக்கு அன்னம் கொடுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தால் அன்றைய ஊரார் எளிதாகத் தலையாட்டியிருப்பார்கள். ஒருவர் கையால் ஒருவர் வாங்கி உண்ணுங்கள் என்று அய்யா நடத்திக் காட்டினார். அதுதான் ராச்சியத்தையே நடுங்க வைத்தது.

இனி வடலூருக்கு வருவோம். சிதம்பரம் பகுதியில் மருதூரில் 1823-ல் பிறந்தவர் வள்ளலார் இராமலிங்க அடிகளார். நம் அய்யா வைகுண்டம் சென்ற 1851-ல் அவருக்கு வயது இருபத்தேழு. தெற்கே அய்யா சாதிப் பேயை ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், வடக்கே பசிப் பேயை ஓட்ட வளர்ந்துகொண்டிருந்தவர் அவர். 1867 மே 23-ல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. கடலூர், சிதம்பரம் பக்கம் தொழில் நிமித்தம் குடியிருக்கும் நம் மக்களில் அங்கே சென்று உண்டவர்கள் பலர் இருப்பார்கள்.

அந்த அணையா அடுப்பு எந்த மண்ணில் நிற்கிறது தெரியுமா? வள்ளலார் பணம் கொடுத்து வாங்கிய மண்ணில் இல்லை. பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து கொடுத்த ஏறக்குறைய எண்பது காணி நிலத்தில் நிற்கிறது. தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாத அந்த மகான், ஊராரிடம் இருந்து நிலத்தைப் பெற்றுக்கொண்டார். ‘நான் கொடுக்கிறவன், யாரிடமும் வாங்க மாட்டேன்’ என்று அவர் சொல்லியிருந்தால் அந்த அடுப்பு எங்கே எரிந்திருக்கும்? இன்றும் யாரோ அரிசி கொண்டு வருகிறார்கள், யாரோ காய்கறி இறக்குகிறார்கள், யாரோ உண்கிறார்கள். பெற்றுக் கொடுக்கிற இடம் அது. ஏரி கூட அப்படித்தானே! வீராணம் ஏரி மேலே இருந்து வருகிற தண்ணீரை வாங்கவில்லை என்றால், கீழே இருக்கிற வயலுக்கு எதைக் கொடுக்கும்?

தில்லைக்கு வாருங்கள். அங்கே ஈசனும் கோவிந்தராசரும் ஒரே இடத்தில் நின்று தரிசிக்கும்படி இருக்கிறார்கள். சிவமும் நாராயணமும் ஒன்று என்று அறிந்த நமக்கு அது சொந்த ஊர் போலத்தான். அந்தத் தில்லையில் சேந்தனார் என்ற விறகு வெட்டி இருந்தார். விறகு விற்று, நாள்தோறும் ஓர் அடியாருக்கு அமுது படைத்துவிட்டே தாம் உண்பார். ஒருநாள் விடாத மழை. விறகு நனைந்தது, விற்கவில்லை. வீட்டில் இருந்ததை வைத்துக் களி கிண்டினார். அந்த மழையிலும் ஒரு முதிய அடியார் வந்தார். களியை உண்டார். உண்டது மட்டுமல்ல, மிச்சம் இருந்ததையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் கோயில் கதவு திறந்தபோது, கருவறை எங்கும் களி சிந்திக் கிடந்ததாம். இன்றைக்கும் திருவாதிரைக்குக் களி படைக்கும் வழக்கம் அந்த விறகு வெட்டி வீட்டுப் பானையில் இருந்து வந்தது என்று சொல்வார்கள்.

உலகத்துக்கெல்லாம் படியளக்கிறவனுக்கு ஒரு உருண்டைக் களியில் என்ன குறை தீரும்? அவன் பசிக்காக வரவில்லை. ஏழையின் வீட்டுக்கு வந்து வாங்கி உண்டு, அந்த ஏழையைக் கொடுக்கிறவனாக உயர்த்தவே வந்தான். நாராயணர் குசேலரின் அவலைப் பிடுங்கி உண்டதும் அதற்காகத்தான். தெய்வமே வாங்குகிறது. அப்படியிருக்க, வாங்குவது என் பெருமைக்கு இழுக்கு என்று சொல்ல நாம் யார்?

சிலர் கேட்பார்கள்: ‘ஔவைப் பாட்டி ஏற்பதைப் பழித்திருக்கிறாரே, அய்யாவும் காணிக்கை வேண்டாம் என்றாரே, நீங்கள் எதிர்மாறாகச் சொல்கிறீர்களே?’ நல்ல கேள்வி. எல்லா வாங்குதலும் ஒன்றல்ல. உழைக்கத் தெம்பிருந்தும் சோம்பலால் நீட்டுகிற கை உண்டு, அது இழிவு. தெய்வத்தின் பெயரைச் சொல்லி ஏழையின் மடியை அவிழ்க்கிற கை உண்டு, அதைத்தான் அய்யா காணிக்கை வேண்டாம் என்று தடுத்தார். பெண் வீட்டாரைக் கசக்கி வரதட்சணை வாங்குகிற கை, நாற்காலியில் இருந்துகொண்டு லஞ்சம் வாங்குகிற கை, இவையெல்லாம் நீசனின் கை. எப்படிப் பிரித்து அறிவது? வாங்கியபின் கொடுத்தவன் முகத்தைப் பாருங்கள். அவன் முகம் வாடினால் நீங்கள் பறித்திருக்கிறீர்கள். மலர்ந்தால் பெற்றிருக்கிறீர்கள்.

வாங்கத் தெரியாத இன்னொரு கூட்டமும் உண்டு. வாங்கிய நிமிடமே திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடத் துடிப்பவர்கள். பக்கத்து வீட்டார் ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தால், மறுநாளே இரண்டு கிண்ணம் அனுப்பினால்தான் தூக்கம் வரும். மொய் நோட்டு நல்ல வழக்கம்தான், கல்யாணச் செலவுக்குத் தோள் கொடுக்கிறது. ஆனால் அன்பையும் மொய் நோட்டில் எழுதத் தொடங்கினால் அன்பு கடனாகிவிடும். ‘நான் யாருக்கும் பட்டிருக்கவில்லை’ என்பது பெருமை போலத் தெரியும். உற்றுப் பார்த்தால், ‘எனக்கு யாரும் வேண்டாம்’ என்றுதான் அதற்குப் பொருள்.

இது நம் வீட்டுக்குள்ளும் நடக்கிறது. முப்பது நாற்பது ஆண்டு உழைத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்த தகப்பனார், கால் முடங்கிப் படுத்தபின் மகள் கையால் ஒரு வாய் கஞ்சி வாங்க மறுக்கிறார். மருமகள் துணி துவைத்துக் கொடுத்தால் கூசிப்போகிறார். ‘யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது, அய்யா என்னைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்ளட்டும்’ என்று சொல்லிச் சொல்லியே, பக்கத்தில் இருக்கிறவர்களை அழ வைக்கிறார். தாய்மார்கள் இன்னும் மோசம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு, தனக்கு வயிற்றுவலி என்பதைக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

அப்படிப்பட்ட பெரியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொல்லம் 1008 மாசியில் நம் அய்யா திருச்செந்தூர்க் கடலுக்கு எப்படிச் சென்றார்? நோயுற்ற உடலை உறவினர் தோள் கொடுத்துச் சுமக்க, தாயார் உடன் வர, சுமந்து செல்லப்பட்டார். உலகத்தைச் சுமக்க வந்தவர், முதலில் பிறர் தோளில் சுமக்கப்பட்டார். அதில் அவருக்கு என்ன குறைந்தது? சுமந்தவர்களுக்கு அல்லவா பெரும் பேறு கிடைத்தது! உங்களைச் சுமக்கும் பேற்றை உங்கள் பிள்ளைகளுக்கு மறுக்காதீர்கள். நீங்கள் வாங்க மறுத்தால், கொடுக்கும் தர்மத்தை அவர்கள் எங்கே படிப்பார்கள்?

கடலூர் மண்ணுக்கு அய்யா அடிக்கடி சோதனை வைக்கிறார். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரை ஏறியபோது, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. வந்தவர்களுக்கெல்லாம் பழம் அறுத்துக் கொடுத்த தோப்புக்காரர்கள் நிவாரணத்துக்கு வரிசையில் நின்றார்கள். 2015 வெள்ளத்தில் மறுபடியும் ஊர்கள் மூழ்கின. இன்று கொடுப்பவன் என்றும் கொடுப்பவன் இல்லை, இன்று வாங்குபவன் என்றும் வாங்குபவன் இல்லை. பள்ளியறைக் கண்ணாடி முன் நிற்கும்போது, அதில் கொடுப்பவன் முகமும் வாங்குபவன் முகமும் தனித்தனியாகவா தெரிகிறது? ஒரே முகம்தானே!

ஆகவே அன்புக்கொடி மக்களே, இந்த மாதம் ஒரு விரதம் எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு நீங்கள் வழக்கமாகக் கொடுக்கிறீர்களோ, அவர் கையால் ஒருமுறை வாங்குங்கள். உங்கள் வயலில் வேலை செய்பவர், உங்கள் கடையில் மூட்டை தூக்குபவர், உங்கள் தெருவைக் கூட்டுபவர், இவர்களில் ஒருவர் வீட்டுக்கு அழைத்தால் போங்கள். திண்ணையில் நின்று பேசிவிட்டுத் திரும்ப வேண்டாம். உள்ளே போய், உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடியுங்கள். போட்ட இலையில் உண்ணுங்கள். கொடுக்கும்போது குனிந்து கொடுங்கள், வாங்கும்போது நிமிர்ந்து வாங்குங்கள். அதுபோல் உங்களுக்கு ஒரு துன்பம் வந்தால், ‘எனக்கு உதவி வேண்டும்’ என்று வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லத் தெரியாமல் உள்ளுக்குள் உடைந்து, பிள்ளைகளைத் தவிக்க விட்டுப் போன குடும்பங்கள் எத்தனையோ. கேட்பது அவமானம் இல்லை. உங்களுக்கு உதவி செய்வதற்காக அய்யா யாரையோ எங்கேயோ தயாராக வைத்திருக்கிறார். நீங்கள் கேட்கும்வரை அவர் கை சும்மா இருக்கிறது.

எல்லோரும் கொடுக்கவும் எல்லோரும் வாங்கவும் கூச்சமில்லாத ஒரு பந்தி, அதுதான் தர்ம யுகம். அந்தப் பந்தியில் மேல்வரிசை கீழ்வரிசை இல்லை. அங்கே இலை போட்டு அமர, கொடுக்கும் கையையும் ஏந்தும் கையையும் அய்யா நமக்கு ஒன்றுபோல் பழக்கித் தரட்டும்.

அய்யா உண்டு! அய்யா உண்டு! அய்யா உண்டு!